சேராத எலும்பு

தம்பி,

நேற்று என் மகள், உன் மருமகள், தன் ஆய்வகத்தில் என் உள்ளங்கையில் ஒரு வெள்ளைத் துண்டை வைத்தாள். ரஸ்க் போலத் துளைத்துளையாக, எடையே தெரியாமல் இருந்தது. உடைந்த எலும்பின் இடைவெளியில் இதை வைத்தால், மூலச்செல்கள் இதைப் பற்றிக்கொண்டு புது எலும்பாக வளருமாம்.

"இது லேசா கரண்டைக் கடத்தும்மா. அந்தத் தூண்டுதல்ல செல்லு நல்லா வளரும்" என்றாள். வயல் மோட்டார்களுக்குக் கரண்டு இழுத்துக் கொடுத்த நீ அதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பாய்.

"மனுசங்களுக்கு வைக்காங்களா?"

"இன்னும் எலிக்குத்தாம்மா."

நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், சேரன்மகாதேவி வயல்காட்டில் கம்பத்திலிருந்து நீ விழுந்தாய். கணுக்காலுக்கு மேலே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. அதில் சேறு அப்பியிருந்தது. பல மாதம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாய். உன் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அங்கே வைத்துப் பார்த்தார்கள். சேரவில்லை. இரண்டாம் முறை வைத்தபோது சீழ் பிடித்தது.

காலையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். நீ சம்மதிக்கவில்லை. டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். "எடுத்தா உயிருக்குப் பயமில்லை. அக்கா சொன்னா கேப்பாரு. பேசிப் பாருங்கம்மா."

பேசத்தான் வந்தேன். நான் வாய் திறக்குமுன் நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாய்.

"நீ சொன்னா சரிம்பேன்க்கா. ஆனா சொல்லிராத. ஒத்தக் கால்ல கம்பத்துல எப்பிடி ஏறுவேன்? ஒரு மாசம் பாப்போம்."

"சரிலே, பாப்போம்" என்றேன்.

அன்று நீ ஆறு இட்லி தின்றாய். வாரக்கணக்கில் அப்படித் தின்று நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் ஏறியது. விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். "எடுத்திரச் சொல்லுக்கா" என்று நீயே சொன்னாய். அதற்குள் மயக்க மருந்தைத் தாங்கும் நிலையில் உன் உடம்பு இல்லை. மறுநாள் காலை போய்விட்டாய். உனக்கு இருபத்தேழு வயது.

மாமா கம்பத்திலிருந்து விழுந்து செத்தார் என்றுதான் இவளிடம் சொல்லி வளர்த்தேன். நேற்று படிக்கட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளிடம் முழுவதையும் சொன்னேன். "நீ அன்னைக்கு எடுக்கச் சொல்லியிருந்தா..." என்று தொடங்கியவள், பாதியில் நிறுத்தி என் தோளில் கை வைத்தாள்.

ஆமாம் தம்பி. ஒற்றைக் காலோடு, கடைசிவரை என்னை மன்னிக்காமல், இன்றைக்கும் நீ எங்கேயாவது இருந்திருப்பாய். என் வீட்டு வாசலை நீ மிதிக்கவே வேண்டாம். இருந்திருந்தால் போதும்.