நாலாம் நம்பர் கிரேனுக்கு ஒரு ஜெபம்

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? இரண்டு மாதத்துக்குப் போன் வேண்டாம், பழையபடி கடிதம் மட்டும் போதும். போன மாதத் தொடக்கத்தில், காற்று பலமாக வீசுகிறது என்று செய்தியில் பார்த்துவிட்டுத் துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கே போன் போட்டீர்கள். அவர்கள் ஒலிபெருக்கியில், "நாலாம் நம்பர் கிரேன் ஓட்டுறவங்க கவனிக்கவும். பெல்ட் போட்டீங்களான்னு உங்க அப்பா கேக்குறாரு" என்று அறிவித்துவிட்டார்கள். கப்பலில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

முப்பது வருடம் தீயணைப்பு நிலையத்தில் இருந்தவருக்கு எதைப் பார்த்தாலும் விபத்தாகத்தான் தெரியும். கவலை வந்தால் எழுதுங்கள். தபால் வந்து சேர்வதற்குள் பாதி தீர்ந்துவிடும். மீதியைக் கர்த்தரிடம் சொல்லுங்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் அன்பு மகள்

மார்ச் 11

செல்ல மகளுக்கு,

கர்த்தரிடம் தினமும் சொல்கிறேன். ஏணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது, நட்டு கழன்றிருக்கக்கூடாது, பிரேக் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் முழங்கால் மரத்துப்போகிறது. நம் போதகர் கேட்டுவிட்டு, "ஐயா, ஆண்டவருக்கே பாதுகாப்பு வகுப்பு எடுக்குறீங்களே!" என்றார். சிரிக்கட்டும்.

நீ வழக்கமாக மேலே கேபினில், மடியில் வைத்து எழுதுவாய். கோழி கிளறியது போல இருக்கும். இந்தக் கடிதம் கோடு போட்டது போல இருக்கிறது. கேபினில் மேசை ஏது? என்ன நடந்தது? மறைக்காமல் எழுது.

அப்பா

மார்ச் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களிடம் எதைத்தான் மறைக்க முடியும்? போன மாதம் நான் தூக்கிய கன்டெய்னர் காற்றில் ஆடி, கீழே நின்ற லாரியின் முகப்பை நசுக்கிவிட்டது. டிரைவர் அப்போதுதான் தண்ணீர் குடிக்க இறங்கியிருந்தார். ஒரு கீறல்கூட இல்லை. என்மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அவரே வந்து, "எனக்குத் தாகம் எடுத்தது நல்லதாப் போச்சும்மா" என்று சிரித்தார். எனக்குத்தான் அன்றிலிருந்து ஏணியில் கால் வைத்தால் உடம்பே நடுங்குகிறது.

இப்போது துறைமுக வாசலில் உட்கார்ந்து வண்டிகளுக்குச் சீட்டு கொடுக்கிறேன். ஏப்ரல் இரண்டாம் தேதி காலை ஏறி ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் நாலாம் நம்பர் வேறொருவருக்குப் போய்விடும். அந்த இருக்கைக்காக வருடக்கணக்கில் காத்திருந்தேன், அப்பா.

உங்களைக் கேலி செய்தேன். இப்போது எனக்கே ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்த லாரிதான் வருகிறது. நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?

மகள்

மார்ச் 25

செல்லமே,

படித்ததும் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விட்டேன். வரிசையில் முன்னால் நின்றவர், "எங்க சார் இவ்வளவு அவசரமா?" என்றார்.

"பொண்ணு ஏணி ஏறணும். கீழ நின்னு பிடிச்சுக்கப் போறேன்."

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"முப்பத்திநாலு."

அவர் பார்த்த பார்வையில் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன். உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. எனக்கும் ஏணி என்றால் பயம்தான், முப்பது வருடமும். மணி அடித்ததும் வண்டியில் உட்கார்ந்து, "ஆண்டவரே, பயமா இருக்கு, கூட வாரும்" என்பேன். அவ்வளவுதான் ஜெபம். பயம் போகாது, அது பாட்டுக்கு வரும். அவரும் வருவார். ஒரு படிக்கு வேண்டிய தைரியம்தான் தருவார். அடுத்த படிக்கு மறுபடி கேட்க வேண்டும். கண்ணை மூடாதே. ஏணியில் கண்ணை மூடுவது விதிப்படி குற்றம்.

இரண்டாம் தேதி காலை உபவாசமிருந்து முழங்காலில் நிற்பேன். யாருக்கும் போன் செய்ய மாட்டேன். வேதப்படி சத்தியம் செய்வது நமக்கு ஆகாது, அதனால் மாட்டேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

அப்பா

ஏப்ரல் 2, பிற்பகல்

மகளே,

அப்பாவை மன்னித்துவிடு. காலையில் முழங்காலில் நின்றேன். நட்டு, பிரேக் எதையும் சொல்லவில்லை. "ஆண்டவரே, அவகூட ஏறும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோபாவில் தலையைச் சாய்த்தேன். கண் விழித்தால் வெயில் மேற்கே போய்விட்டது. நீ அங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் நான் குறட்டை விட்டிருக்கிறேன். இந்த முகத்தை வைத்துக்கொண்டு உன்னிடம் எப்படிப் பேசுவது? இப்போதே தபாலில் போட்டுவிடுகிறேன்.

வெட்கத்துடன்,
அப்பா

ஏப்ரல் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்று சாயங்காலம் நானே போன் செய்து, தேறிவிட்டேன் என்றதும், "ஸ்தோத்திரம், சரிம்மா" என்று வைத்துவிட்டீர்கள். இவருக்கு என்ன ஆயிற்று என்று குழம்பினேன். கடிதம் வந்த பிறகுதான் விளங்கியது.

படிக்குப் படி கேட்டுக்கொண்டுதான் ஏறினேன். பின்னால் வந்த பயிற்சியாளர், "யார்கிட்டம்மா பேசிட்டே போறே?" என்றார்.

"கூட வர்றவர்கிட்ட, சார்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். உடம்பு நடுங்கத்தான் செய்தது. நடுங்கிக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தேன். கன்டெய்னர்களைப் பூப்போல இறக்கி வைத்தேன்.

தூங்கியதற்கு மன்னிப்பா கேட்பது? புயலில் படகு முழுகப் போகும்போது தலையணை வைத்துத் தூங்கிய கர்த்தரைத்தானே நாம் கும்பிடுகிறோம்! நான் பிறந்ததிலிருந்து நீங்கள் என்னைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்த ஒரே காலை அதுதான், அப்பா.

திங்கட்கிழமை முதல் ஏழாம் நம்பரையும் ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். அது இதைவிட உயரம். தயவுசெய்து நன்றாகத் தூங்குங்கள்.

உங்கள் அன்பு மகள்