சூசைக்குக் கொடுத்த வீட்டுப்பாடம்

மார்ச் 11, 1974. திங்கள்

காற்றே இல்லை. உப்பளத்து வெக்கை அறைக்குள் வரை. மருந்தகத்தின் பின் அறைதானே, மனக்குறை கேட்கும் ஆலோசனை டீச்சருக்கு இது போதும் என்று மருந்தகக் கமிட்டிக்கு நினைப்பு. மின்விசிறி மூன்று நாளாக ஓடவில்லை. சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்கிறது.

வந்தவர்கள் மூவர்.

காலை: காயல்பட்டினத்துப் பெண், கணவர் துபாயில். கூடவே மாமியார். வெளியே அனுப்பவில்லை, இருவரையும் சேர்த்தே கேட்டேன். லுஹர் தொழுகை நேரம் வந்ததும் பாய் விரித்துக் கொடுத்தேன். தொழுது எழுந்த பிறகுதான் மருமகளுக்கு அழுகை வந்தது.

மதியம்: ஸ்ரீவைகுண்டம் குமாஸ்தா. தூக்கமில்லை. பேச்சு பிடிக்காது, ஏதாவது செய்யச் சொன்னால் செய்வார். மூச்சுப் பயிற்சி.

கமிட்டிச் செயலாளர் எட்டிப் பார்த்தார். "டீச்சர், ஒருத்திக்குப் பாயி, ஒருத்தருக்கு மூச்சு, இன்னொருத்தர் பேசப் பேச சும்மா கேக்குதிய. எதுதான் உங்க வைத்தியம்? ரிப்போர்ட்ல எழுதணும்லா."

"வாரவங்களைப் பொறுத்தது அண்ணாச்சி."

"அப்ப சாம்பார்னு எழுதிருதேன்."

சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிச்சல்.

மாலை: சூ. (சூசை). வயது 32. சங்கு குளிக்கும் வள்ளத்தில் கயிறு பிடிப்பவன். குளிப்பவனின் கயிறு மச்சான் கையில்தான் இருக்க வேண்டும் என்பது இந்தக் கரை வழக்கம். கூடப் பிறந்தவளின் தாலி அறுபட அவன் விடமாட்டானாம். டிசம்பரில் அக்காள் புருஷன் இறங்கினார். பிணமாகத்தான் ஏற்றினார்கள். மேலே தூக்கச் சொல்லிக் கயிறு அசைந்த நேரம் சூ. குனிந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். இதைச் சொல்ல அவனுக்கு நான்கு வாரம் பிடித்தது. கோயிலில் பங்குச் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லையாம். "சாமி என் குரலைக் கண்டுபிடிச்சிருவாரு டீச்சரம்மா." மூன்று மாதமாகக் கடல் பக்கமும் போகவில்லை, அக்காள் வீட்டுப் பக்கமும் போகவில்லை.

இன்றும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முகம் சுவர்ப் பக்கம், காது மட்டும் என் பக்கம். குறிப்பில் எழுதினேன்: கண்ணைப் பார்க்கக் கூச்சம், மெல்ல மாற்ற வேண்டும்.

வீட்டுப்பாடம் கொடுத்தேன். தினம் கடலில் முழங்கால் ஆழம், பத்து நிமிடம். பழகியதும் இடுப்பு ஆழம். "அதுக்கு மேல?" என்றான். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. "நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்றேன்.

மார்ச் 13, புதன்

சூ.வின் அக்காள் பி. (பிலோமி) வந்துவிட்டாள். மகனுக்குக் காது மருந்து வாங்க வந்தவள், நேரே என் அறைக்குள்.

"இங்கன வந்து என்ன சொல்லுதான் எந்தம்பி?"

"இங்க பேசுறதை வெளிய சொல்றதில்லம்மா."

"பீடி பத்த வச்சதையா? வள்ளத்துல இருந்தவங்க அன்னிக்குச் சாயங்காலமே வந்து சொல்லிட்டாவ."

முகத்தில் காட்டாமல் இருக்கப் படாத பாடு பட்டேன்.

"அவன் வாயால வரட்டும்னு இருக்கேன். நான் சொன்னேன்னு அவங்கிட்ட சொல்லிராதிய. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். அவனுக்கும் முன்பே பண்ணியிருக்கிறேன். பயிற்சி கொடுத்த டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்: ஒருவர் ரகசியத்தை வைத்துக்கொண்டு அவர் உறவினரைத் தனியே பார்க்காதே என்று. பார்த்தாயிற்று. அவனுக்கு வேண்டிய சேதி என் வாய்க்குள் இருக்கிறது, துப்ப முடியவில்லை.

வெங்காயம் வாங்க மறந்தேன்.

மார்ச் 15, வெள்ளி

எழுத்து கோணல்.

சூ. ஈரத் தலையோடு வந்தான். கண் சிவப்பு. ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி. அதுதான் பயம்.

"கழுத்து வரைக்கும் முடிஞ்சிட்டு டீச்சரம்மா. செவ்வாக்கிழமை சூசையப்பர் திருநாள். அன்னிக்குக் கல்லைக் கட்டி, மச்சான் இறங்கின எடத்துல இறங்கிருதேன். அத்தோட அபராதம் தீந்துது. நன்மை வாங்கலாம்லா?"

"கயிறு யார் பிடிப்பா?"

"அபராதத்துக்கு எதுக்கு டீச்சரம்மா கயிறு?"

அப்போதுதான் உறைத்தது. அபராதம். பாவத்தைக் கேட்ட சாமியார் கடைசியில் கொடுக்கும் பரிகாரம்; என் வீட்டுப்பாடத்தை அதுவாக எடுத்துக்கொண்டிருக்கிறான். அதைத் தீர்த்தால்தான் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கலாம். நாசரேத்து சி.எஸ்.ஐ. சபைக்காரி எனக்கு அபராதம் என்றால் கோர்ட்டில் கட்டுவது. எங்கள் சபையில் பாவசங்கீர்த்தனம் ஏது? முகம் சுவர்ப் பக்கம், காது என் பக்கம்: கூச்சமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆறு வாரமாக அவன், முகம் காட்டாமல் சாமியார் காதில் பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அல்லவா உட்கார்ந்திருந்தான்! நான் வியாதிப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு டிப்ளமா ஒரு கேடு.

பதறிப்போய் உளறினேன். நான் சாமியார் இல்லை, இது கோயில் இல்லை, அது வெறும் பயிற்சி.

அவன் முதல் முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தான். "அப்ப நான் சொன்னது எதுவும் கணக்குல சேராதா?"

எழுந்து போய்விட்டான்.

மார்ச் 16, சனி

என்ன செய்யலாம்:

வள்ளக்காரரிடம் சொல்லி வள்ளம் கொடுக்காமல் தடுக்கலாம். ஏன் என்று கேட்பார்.
பங்குச் சாமியாரிடம் போகலாம். அவன் யாருக்கு ஒளித்தானோ அவரிடமேவா?
அக்காளுக்குத் தெரியும் என்று அவனிடம் போட்டு உடைக்கலாம். அவளுக்குப் பண்ணிய சத்தியம்?
சும்மா இருக்கலாம். செவ்வாய்க்கிழமை பிணம் வரும்.

அவன் வீட்டுக்குப் போனேன். ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி: "காலையில சங்கு குளிக்கிற பழைய கல்லை எடுத்துத் தேச்சித் தேச்சிக் கழுவிக்கிட்டிருந்தான். எங்க போனான்னு தெரியல."

வாசலில் நின்றே முடிவு செய்தேன். வாரவங்களைப் பொறுத்தது என்று செயலாளரிடம் பெருமை பேசினேனே. வருகிறவன் கொண்டுவரும் சொல்லை மட்டும் வாங்கமாட்டேனா? பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு வந்தேன்: "டீச்சர் தப்பா அபராதம் சொல்லிட்டா, மாத்தணும், திங்கக்கிழமை நாலு மணிக்கு வரணும்." உபதேசியாராக இருந்த அப்பா கேட்டிருந்தால் என்னைச் சபையை விட்டே நீக்கியிருப்பார். நீக்கட்டும். அந்த ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

மார்ச் 17, ஞாயிறு

ஆராதனையில் மனம் இல்லை. பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது.

முடிந்ததும் பி. வீட்டுக்கு. "நாளைக்கு நாலு மணிக்கு வாங்க. ஏன்னு கேக்காதீங்க. உங்க பேச்சு எங்கிட்டதான் இருக்கு."

"அவன் வருவானா?"

"தெரியலம்மா."

காப்பி கொடுத்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள், நானும் சொல்லவில்லை.

மார்ச் 18, திங்கள்

நாலு மணி: பி. வந்தாள். நாலேகால்: இல்லை. நாலரை: இல்லை. பி. முந்தானை நுனியைத் திருகித் திருகி நூலாக்கிவிட்டாள். நாலே முக்காலுக்குச் சூ.

அக்காளைப் பார்த்ததும் திரும்பிவிட்டான். ஓடிப்போய் வாசலை மறித்தேன். என் வயதுக்கு நல்ல ஓட்டம்தான்.

"சூசை, நீங்க சொன்னது எல்லாம் சேரும். அபராதத்தைத்தான் மாத்திட்டேன். கடல்ல இல்ல, இங்கனதான். எங்கிட்ட சொன்னதை அவங்ககிட்ட சொல்லணும்."

"கடலே தேவலை டீச்சரம்மா."

"தெரியும். உக்காருங்க."

பழக்கத்தில் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். நான் திருப்பி அவளைப் பார்க்க வைத்தேன். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான். காற்று, தீக்குச்சி, காலடியில் கயிறு, எல்லாம். நாளைக்கு இறங்குவதாக இருந்ததையும்.

பி. எழுந்து அவன் தோளில் பளாரென்று ஒன்று வைத்தாள். நான் தடுக்கவில்லை.

"பீடி எனக்கு அன்னிக்கே தெரியும்லே."

அவன் தலையை நிமிர்த்தினான்.

"அத நான் எப்படியும் முழுங்கிருப்பேன். மூணு மாசம் வாசலைப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன், நீ வரல. எம்மவன் மாமா எங்கன்னு கேட்டான், நீ வரல. இப்ப நீயும் போயி விழுந்துருவியோ? உன்னை எடுத்துப் போடவும் நான்தான் வரணுமோ?"

அவன் அழுதான். அவள் அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே போய் நின்றாள்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் சாப்பிட வா. நான் பேச மாட்டேன். சோறு போடுவேன்."

சூ. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எத்தனை மணிப் பூசை என்று அவளிடம் கேட்டான்.