படத்தில் அறுபத்தெட்டு

ஜூன் 3, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. இந்தக் கிளினிக் என் உடம்பைக் காட்டி ஆள் பிடிக்கிறது. ஐந்து வருடமாக. வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரில் இரண்டு படங்கள். இரைப்பை ஒப்பரேஷனுக்கு முன் 118 கிலோ, ஒரு வருடம் கழித்து 68. இரண்டும் நான். அவற்றுக்குக் கீழேதான் என் கதிரை.

படத்தை மாட்டிய கையோடு வேலையும் கொடுத்தார் டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். "நீர் இதிலேயே இரும். ஆக்களுக்கு நம்பிக்கை வரும்." வருகிறவர்களை நிறுப்பது, அட்டையில் எழுதுவது, நம்பர் கூப்பிடுவது. என்னை யாரும் நிறுத்துப் பார்த்து மூன்று வருடம்.

இன்று பாவாடைக் கொக்கி தெறித்தது. ஊக்குக் குத்திச் சமாளித்தேன்.

வாங்க: ஊக்கு (பெரியது), அம்மாவின் பிரஷர் மாத்திரை, பல்ப்.

ஜூன் 4, புதன்

தூறல். பன்விலத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கௌசி. 24 வயது. ஒப்பரேஷன் அடுத்த வாரம் வியாழன். நிறுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். நானும் அன்றைக்கு அப்படித்தான்.

இறங்கியதும் சுவரைப் பார்த்தாள். "அக்கா, அந்தப் போட்டோல இருக்கது ஒங்க தங்கச்சியா? அப்படியே ஒங்க ஜாடை."

"ஆமா" என்றேன்.

"அவங்க நம்பர் தருவீங்களா? சாப்பாட்டப் பத்திக் கேக்கணும்."

என் நம்பரையே எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று தெரியவில்லை. தெரியும். உண்மையைச் சொன்னால் வேலை போகும்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தராசில் ஏறினேன். 91. செருப்பைக் கழற்றி, ஊக்கைக் கூடக் கழற்றி மறுபடி. 91.

அப்பாவுக்குச் சீனி வியாதியில் முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரை. எனக்கு அது 22 வயதிலேயே வந்தது. இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்த பிறகு போனது. இப்போது ஒரு மாதமாகத் தாகம். இரத்தம் எடுக்கும் அறை என் மேசையிலிருந்து எட்டு அடி. போகவில்லை.

ஜூன் 6, வெள்ளி

தின்றது.
காலை: பால் டீ, மேரி பிஸ்கட் 6, நனைத்து.
10 மணி: பால் டீ, பிஸ்கட் 4.
மதியம்: சோறு மூன்று வாய். கோழி ஒரு துண்டு. நெஞ்சில் அடைத்தது. வாந்தி.
4 மணி: பால் டீ. பிஸ்கட் எண்ணவில்லை.

அம்மா இன்றும் அதையேதான் சொன்னாள். "கெட்டியா திங்காதடி. நனைச்சுத் தின்னு. ஆஸ்பத்திரியில சொன்னாங்கள்ல."

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை அலுமாரியிலிருந்து எடுத்தேன். ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் சிங்களம். தமிழ் இல்லை. அன்றைக்குத் தெல்தோட்டையிலிருந்து வந்த எங்களுக்கு எதுவும் விளங்கவில்லை. வார்டில் தரை கூட்டிய பெண் சொன்னதே வேதம்: மெத்தென்று கொடுங்கள். அம்மா தாளை மடித்து, குங்குமம் வைத்து, சாமிப்படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்திவிட்டாள்.

இப்போது எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும். வாசித்தேன். மெத்தென்ற சாப்பாடு ஆறு வாரத்துக்கு மட்டும். அதற்கு மேல் போனால் அது வழுக்கி இறங்கி எடை ஏறும்.

ஆறு வருடம் நனைத்துத் தின்றிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. தாங்கமாட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

வெயில். துணி துவைத்தது. கௌசி போன் எடுத்தாள்.

"அக்காவோட தங்கச்சிங்களா?"

"ஆமா." குரலை மெலிதாக்கிக்கொண்டேன். வெட்கக்கேடு.

"அக்கா மாதிரியே பேசுறீங்க. ஒரே ஒரு கேள்விங்க. வெயிட் திரும்ப ஏறுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரு கேக்குறாரு, அவ்வளவு நல்ல ஒப்பரேஷன்னா கிளினிக்ல இருக்க அந்த அக்கா ஏன் செஞ்சிக்கலனு. அவங்களுக்குப் பயமா?"

"ஆமா. அவளுக்குப் பயம்."

பஸ் வருகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வீட்டுக் குசினியில், அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா, பௌர்ணமி விடுமுறை. கிளினிக் இல்லை. அம்மாவுடன் கட்டுகஸ்தோட்டைக்கு மரக்கறி வாங்க. சந்தியில் ஐஸ்கிரீம் தன்சல். எல்லோருக்கும் இலவசம், ரோட்டோரம் நீள வரிசை.

"புண்ணியத்துக்குக் குடுக்கிறத வேணாம்னு சொல்லக்கூடாது" என்றாள் அம்மா.

ஐஸ்கிரீம் நெஞ்சில் அடைக்காது. தானாக இறங்கும். முடித்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனேன். மூன்றாம் முறை கொடுத்தவர், "நங்கி, திரும்பவுமா?" என்று சிங்களத்தில் என்னைத் தங்கச்சியாக்கிச் சிரித்தார். வாங்கிக்கொண்டேன்.

பாலத்தில் வரும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. கை கால் நடுக்கம், முதுகெல்லாம் வியர்வை. கம்பியைப் பிடித்து நின்றேன். கீழே மகாவலி, கலங்கல் தண்ணீர். இங்கேயே விழுந்து செத்துவிடுவேன் என்று நினைத்தேன்.

"வெயிலுதான்" என்றாள் அம்மா. மழை பெய்துகொண்டிருந்தது.

ஜூன் 11, புதன்

கௌசிக்கு நாளை ஒப்பரேஷன். இன்று டொக்டரிடம் கடைசியாகக் காட்டுவது, 8ஆம் நம்பர். நம்பர் கொப்பியில் 9க்கு நேரே என் பெயரை எழுதினேன்.

நேர்ஸ் நிலூகா கொப்பியைப் பார்த்தாள். உனக்கு எதற்கு நம்பர், சும்மா உள்ளே போய்க் கேளேன் என்றாள். சும்மா கேட்டுத்தான் மூன்று வருடம் போனது. ஒவ்வொரு முறையும் டொக்டரின் பதில் அதே: "பிறகு பாப்பம்."

கௌசிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எனக்குத் தங்கச்சி கெடையாது. ரெண்டு போட்டோவும் நான்தான். போன்ல பேசுனதும்."

சுவரைப் பார்த்தாள். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "அப்ப ஏறும்."

"எனக்கு ஏறிருச்சு. முட்டி வலி போனது பொய் இல்ல. சீனி போனதும் பொய் இல்ல. அப்புறம் என்னைய யாரும் பாக்கல. நானும் பயந்துகிட்டு விடாம கேக்கல."

"நாளைக்கு நான் செஞ்சிக்கவா, வேணாமா?"

"தெரியாது. ஒரு வருஷத்துக்குப் பொறகு என்னைய யாரு பாப்பாங்கனு கேளு."

உள்ளே போனாள். ஐந்து நிமிடம். வெளியே வந்தவளின் முகம் சிவந்திருந்தது. "சிரிச்சாரு. யாரு சொல்லித்தந்தானு கேட்டாரு. நான் சொல்லலக்கா."

போகச் சொன்னேன். போகவில்லை, கதவருகிலேயே நின்றாள்.

9. என் அட்டையை டொக்டரின் மேசையில் வைத்தேன்.

"உதென்ன, அடுத்த ஆளை விடுமன்."

"நான்தான் சேர் அடுத்த ஆள்."

"உமக்கென்ன விசரா? கதவைச் சாத்தும்."

சாத்தவில்லை. "91 சேர். தண்ணித் தாகம். நேத்து ரோட்ல விழப் பாத்தேன். எங்கப்பா மாதிரி ஆயிருமோனு பயமா இருக்கு. ரத்தம் பாக்க எழுதுங்க. அட்டையில 91னு எழுதுங்க. அவளுக்குக் கேக்குற மாதிரி, இப்ப, சத்தமா சொல்லுங்க, இனிமே எங்கள யாரு பாப்பாங்கனு."

டொக்டர் அட்டையைத் தொடாமல் பத்தாம் நம்பருக்கு மணியடித்தார்.