மணி சொல்லாத சனிக்கிழமை

மார்ச் 3

அன்புள்ள வாலு,

நலமா? நான் நலம் என்று எழுதினால் உன் சித்தி சிரிப்பாள். முட்டி இரண்டும் வேலைநிறுத்தம் செய்கின்றன. உன் முகவரியை அவளிடம்தான் கெஞ்சி வாங்கினேன், அவளைத் திட்டாதே. ஆறு வருடமாகப் போனை எடுக்காத மகளுக்கு அப்பன் வேறு எப்படித்தான் சேதி சொல்வது?

சேதி இதுதான். என் 'கால் நிற்காது' வானொலி நிகழ்ச்சி நிற்கப் போகிறது. இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, மாலை நான்கிலிருந்து ஏழு வரை, அதோடு சரி. முப்பத்தொரு வருடம். புது மேலாளர் மரியாதையாகத்தான் சொன்னார்: "இனிமே பாட்டை கம்ப்யூட்டரே எடுத்துக்கும் சார், நீங்க ரெஸ்ட் எடுங்க." நான் சேர்ந்தபோது இருந்த மேலாளர் முதல் ராப் பாட்டைக் கேட்டுவிட்டு, "யாரோ சண்டை போடுறாங்க, கதவைச் சாத்துங்க" என்றார். நடனப் பாட்டுக்கு அன்று வானொலியில் இடமே கிடையாது. சலூன்காரரும் மெக்கானிக்கும் மொட்டைமாடியில் தலைகீழாகச் சுழலும் பிள்ளைகளும் போன் மேல் போன் போட்டுத்தான் அந்த மூன்று மணி நேரத்தை எனக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். இசைத்தட்டுகளைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போவேன். பை கிழியக் கிழிய உன் அம்மா தைத்துக் கொடுப்பாள். பைப் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர் சமையலறையில் பதிவு செய்த ராப்பை நான்தான் முதலில் போட்டேன். இன்று அவருக்கு மேடை, கூட்டம் எல்லாம் இருக்கிறது. கடைசி நாளுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீயும் வர வேண்டும். மைக்கில் பேச வேண்டாம். ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் போதும். சின்ன வயதில் அங்கேதானே வீட்டுப்பாடம் எழுதுவாய். வருவாயா?

தினமும் தபால்காரரை வழிமறித்துக்கொண்டிருக்கும்,
அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டிக்கு டாக்டரைப் பாருங்கள். சித்தியின் புலம்பலை நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

போனை ஏன் எடுப்பதில்லை தெரியுமா? உங்கள் குரலைக் கேட்டால் நம்பிவிடுவேன். ஊரே நம்புகிறது, நான் எம்மாத்திரம். எழுத்தில் அந்த வித்தை நடக்காது. அதனால் கேட்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை எங்கே இருந்தீர்கள்?

அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியபோது மணி ஐந்தரை. நர்ஸ் என்னை ஓரமாக அழைத்து, "வர வேண்டியவங்கள வரச் சொல்லிடுங்க" என்றார். உங்கள் போன் அணைந்திருந்தது. ஸ்டூடியோ போனை யாரும் எடுக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்து ரேடியோவிலோ, "யாரும் உட்காராதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு தெரு தள்ளித்தானே ஸ்டூடியோ, கையோடு இழுத்து வந்துவிடலாம் என்று ஓடினேன். அங்கே உங்கள் குரல் இருந்தது, நீங்கள் இல்லை. காலி நாற்காலி, கம்ப்யூட்டர் திரையில் ஏறி இறங்கும் ஒரு பச்சைக் கோடு. "அண்ணன் நேத்தே பேசி வச்சுட்டுப் போயிட்டாரேம்மா" என்றார் காவலாளி. திரும்பி வந்தபோது நர்ஸ் அம்மாவின் மூக்குக்கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

எல்லாம் முடிந்த பிறகு கேட்டேன். "வேலை இருந்தது" என்றீர்கள். என்ன வேலை? அதை மட்டும் எழுதுங்கள். எழுதினால் வருகிறேன். வர எனக்கும் ஆசைதான்.

மகள்

மார்ச் 13

என் செல்ல வாலுவுக்கு,

அதையெல்லாம் காகிதத்தில் எழுத முடியுமா? நேரில் வா, சொல்கிறேன்.

இங்கே ஏற்பாடு தடபுடலாக நடக்கிறது. முதல் பாட்டு எது, கடைசிப் பாட்டு எது என்று பட்டியல் போட்டுக் கிழித்து, போட்டுக் கிழித்து வீடெல்லாம் குப்பை. நேற்று டாக்ஸி ஓட்டுநர் நான் வாயைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "உங்க நிகழ்ச்சியில பாட்டு போடச் சொல்லித்தான் சார் என் பொண்டாட்டிகிட்ட காதலச் சொன்னேன். இப்ப அவ உங்களத்தான் திட்டுறா" என்றார். உன் அம்மா இருந்திருந்தால், அந்தப் பெண் சொல்வது நியாயம்தான் என்றிருப்பாள்.

ரயில் டிக்கெட் எடுத்து அனுப்பட்டுமா?

அப்பா

மார்ச் 16

அப்பா,

கேட்டதற்குப் பதில் இல்லை. டாக்ஸிக்காரர் கதைக்குச் சிரித்தும் தொலைத்தேன். இதற்குத்தான் பயந்தேன்.

ஆறு வருடமாக உங்களுக்காக நானே பதில் தயாரித்துப் பார்த்திருக்கிறேன். ஏதோ கிளப்பில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். இல்லையென்றால் யாரோ ஒரு பெண். எதுவானாலும் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்வேன் என்றுதான் தோன்றுகிறது. டிக்கெட் நானே எடுத்து வைத்துவிட்டேன். இன்னொரு முறை மழுப்பினால் பதில் போடமாட்டேன்.

மகள்

மார்ச் 20

மகளே,

கிளப் இல்லை, பெண்ணும் இல்லை. இருந்திருந்தால் எழுதுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்னும் ஒன்றிரண்டு நாள்தான் என்றார். உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேராக ஸ்டூடியோ போய் மறுநாளைக்கான மூன்று மணி நேரத்தையும் பேசிப் பதிவு செய்தேன். சனிக்கிழமை முழுக்க அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான். சத்தியமாக அதற்குத்தான். மூன்றரைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாசலுக்கு எதிரே காரை நிறுத்தினேன். இறங்க முடியவில்லை.

ஐயாயிரம் பேரை ஒரே நேரத்தில் ஆட வைத்திருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. இந்தப் பாட்டு முடிந்ததும் போகலாம், அடுத்தது முடிந்ததும் போகலாம் என்று கார் ரேடியோவில் என் குரலையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிட்டு அந்தச் சேதியைச் சொல்லிவிடுவாயோ என்று போனை அணைத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் ஒரு நிகழ்ச்சிதான்.

நீ ஓடி வந்ததைப் பார்த்தேன். படியில் ஒரு செருப்பு கழன்றது, அதை விட்டுவிட்டு ஓடினாய். என் காருக்குப் பத்தடியில். அவள் போய்விட்டாள், அதனால்தான் ஓடுகிறாய் என்று நினைத்தேன். உன்னைக் கேட்டால் அது நிஜமாகிவிடும். கண்ணாடியை இறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

நான் கோழை, வாலு. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். வந்துவிடு.

அப்பா

மார்ச் 25

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். அழுததைப் பார்த்துக் கண்டக்டர் கூடுதல் டிக்கெட் கேட்கவில்லை.

நீங்கள் மறைக்காமல் எழுதிவிட்டீர்கள். நானும் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று ஸ்டூடியோவுக்கு நான் கிளம்பியபோது அம்மா என் கையைப் பிடித்தாள். "அவரு அங்க இல்லடி. இவ்வளவு நேரத்துல ஒரு தடவகூட மணி சொல்லலையே" என்றாள். நேரலையில் நீங்கள் பாட்டுக்குப் பாட்டு மணி சொல்வீர்கள், பேசி வைத்துவிட்டுப் போனால் சொல்லமாட்டீர்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அன்று விளங்கவில்லை. மருந்து மயக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். "நீ உட்காரு" என்றாள். நான் கையை விடுவித்துக்கொண்டு ஓடினேன்.

நீங்கள் மேலே வராததைப் புரிந்துகொள்ள முடிகிறது. அந்த அறையை விட்டு ஓடிவிட வேண்டும் என்று எனக்கும்தான் இருந்தது. உங்களைக் கூட்டி வருவது ஒரு சாக்காகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் நான் உங்களைத் தேடித்தான் ஓடினேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள், ஓடவிட்டீர்கள். வாலு என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பேன். உங்களுக்கு மேலே வர பயமாக இருந்தால், சரி, காரிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு நானாவது திரும்பிப் போயிருப்பேன். அம்மா தனியாகப் போயிருக்கமாட்டாள்.

கிளப் என்று எழுதியிருந்தால் வந்திருப்பேன். டிக்கெட்டை நேற்று ரத்து செய்தேன்.

சனிக்கிழமை நன்றாகப் பேசுங்கள். முப்பத்தொரு வருடம் அத்தனை பேருக்கும் நீங்கள் கொடுத்த சந்தோஷம் பொய்யில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, இப்போதும் உண்டு. நிகழ்ச்சியை நான் கேட்கமாட்டேன். இனிமேல் எழுதாதீர்கள். கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், அதை என்னைச் செய்ய வைக்காதீர்கள்.

என்றைக்காவது உங்களுக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போனால் சித்தியிடம் சொல்லுங்கள். வருவேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். யாரைத் தேடியும் எழுந்து போகமாட்டேன்.

மகள்