அம்மாவின் கணக்கில் தங்கையின் முகவரி

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினேழு மாதிரிகள், எல்லாம் வடக்குப் பகுதிக் குழாய்களிலிருந்து. ஒன்றில் குளோரின் அளவு சந்தேகமாக இருந்தது. மறுபடி செய்யச் சொன்னேன், சரியாகத்தான் இருந்தது. இருபத்து நான்கு வருடமாகக் குடிநீரைச் சோதித்துச் சோதித்து, எதையும் இரண்டு முறை பார்க்காமல் நம்பாத பிறவியாகிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தொலைபேசியில் இருந்தாள்.

"ரெண்டு ரெண்டா சொல்லுடி. எழுபத்து மூணு... ஆங். பூஜ்யம் எட்டு... வாங்கிட்டேன். நாப்பத்தொண்ணு. திரும்பச் சொல்றேன், கேட்டுக்கோ."

முப்பத்தொரு வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்தவள். எண்ணைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது.

அம்மாவுக்கென்று மின்னஞ்சல் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் சின்னவள் வந்திருந்தபோது மருத்துவமனையின் இணையக் கணக்கைத் தன் மின்னஞ்சலைப் போட்டுத் திறந்து கொடுத்துவிட்டுப் போனாள். நான் அன்று ஆய்வகத்தில் இருந்தேன். அதிலிருந்து, இரத்தம் எடுக்க நேரம் வாங்குவதென்றாலும் ஆறு இலக்க எண் ஒன்று விமானத்தில் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் என் தங்கைக்குப் போகும். அம்மா கூப்பிடுவாள், அவள் படிப்பாள், அம்மா தட்டுவாள். பத்து நிமிடத்துக்குள் தட்டாவிட்டால் எண் செல்லாது.

நான் இருப்பது அடுத்த அறையில்.

மார்ச் 6, வியாழன்

இன்றும் எண். "செவ்வாய்க்கிழமையே நேரம் வாங்கியாச்சே, இன்னும் என்ன?" என்றேன். "சரியா விழுந்துச்சான்னு பாக்கறேன்" என்றாள். தொலைபேசியில் சிரிப்பு வேறு. ஆறு எண்ணில் சிரிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 11, செவ்வாய்

பதினொரு மணிக்கு ஆய்வகத்துக்குச் சின்னவளின் அழைப்பு.

"அக்கா, அம்மாவுக்கு சோடியம் குறைஞ்சிருக்கு. நூத்தி இருபத்தெட்டு. உனக்குத் தெரியுமா?"

தெரியாது. நேற்று அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் இரத்தம் கொடுக்க வைத்தவள் நான். காலையில் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக் கிளம்பியவள் நான். ஆனால் அறிக்கை தங்கையின் மின்னஞ்சலுக்குத்தானே போகும்!

"டாக்டர்கிட்ட நானே பேசிட்டேன். நீர் மாத்திரையைப் பாதியாக்கச் சொல்லிட்டாரு. நீ குடுத்துடு, போதும்."

நீ குடுத்துடு, போதும். நான் என்ன, சம்பளத்துக்கு வைத்த நர்ஸா?

சோடியம்! ஊர்த் தண்ணீரில் சோடியம் எவ்வளவு என்று அளந்து கையெழுத்துப் போடுகிறவள் நான். பெற்றவளின் சோடியம் எனக்குக் கடைசியில்தான் தெரிகிறது.

மார்ச் 12, புதன்

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா: "சின்னவ கெட்டிக்காரி. அங்க இருந்துக்கிட்டே டாக்டரைப் பிடிச்சுட்டா பாரு."

இங்க இருந்துக்கிட்டே நான் மாத்திரையைப் பாதியா உடைச்சுக் குடுக்கறேனேம்மா, அது கணக்குல வராதா? சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

உள்ளூர் மாடு விலை போகாது. இந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவனுக்கும் வெளியூரில் ஒரு தங்கை இருந்திருப்பாள்.

மார்ச் 15, சனி

ஒரு வழி கண்டுபிடித்தேன். 'இந்தச் சாதனத்தை நினைவில் கொள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை அம்மாவின் டேப்லெட்டில் தேர்ந்தெடுத்துவிட்டேன். இனி கணக்கு திறந்தே இருக்கும், எண் தேவையில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

கணக்கு மூடியிருக்கிறது. மறுபடி எண், மறுபடி தொலைபேசி, மறுபடி சிரிப்பு. எங்கேயோ கை பட்டிருக்கும். எழுபத்தாறு வயதில் இதெல்லாம் சகஜம்தான்.

மார்ச் 17, திங்கள்

மதியம் மருத்துவமனைக்குப் போனேன். முன்பதிவுக் கவுன்டரில் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்ட பெண்மணி.

"மெயில் ஐடி மாத்தணுமா? நீங்களே மாத்திக்கலாம்மா. பழைய மெயிலுக்கு ஒரு நம்பர் போகும். அதைப் போட்டா முடிஞ்சுது."

"பழைய மெயில் என் தங்கச்சியோடது."

"அப்ப தங்கச்சியைக் கேளுங்க."

"கேக்காம முடியாதா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சண்டையா?"

"இல்லியே."

"சண்டை இல்லேன்னா கேட்டுடலாமே."

பின்னால் நின்றவர் செருமினார். நகர்ந்து வந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

கேட்கலாம். ஏன் கேட்க வேண்டும்?

மார்ச் 20, வியாழன்

செய்துவிட்டேன்.

"அடுத்த டெஸ்டுக்கு நேரம் வாங்கணும்மா. டேப்லெட்டை நான் பாத்துக்கறேன். நீ நம்பரைக் கேட்டுச் சொல்லு" என்றேன். அம்மாவுக்குச் சந்தோஷம். உடனே கூப்பிட்டாள். என் மடியில் முகவரி மாற்றும் பக்கம் திறந்திருந்தது. பழைய முகவரி, புதிய முகவரி, கீழே ஆறு கட்டம்.

"அம்பத்தாறு... வாங்கிட்டேன். பத்தொன்பது... ஆங். பூஜ்யம் ரெண்டு. திரும்பச் சொல்றேன்."

அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். என் கைபேசிக்கு ஓர் எண் வந்தது, அதையும் தட்டினேன். 'மின்னஞ்சல் மாற்றப்பட்டது.' ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அம்மா பேசிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டியா, சளி போயிடுச்சா, அங்க மழையா. திடீரென்று, "என்னடி, லைன்ல இருக்கியா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சரி, வெச்சிடு" என்று ரிசீவரை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏதோ வேலை வந்துடுச்சாம் அவளுக்கு."

மாற்றியதாகப் பழைய முகவரிக்கும் தகவல் போகும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் படித்துக் கொடுத்த எண்ணாலேயே அவளை வெளியே தள்ளியிருக்கிறேன். அவள் லைனில் இருக்கும்போதே.

மார்ச் 22, சனி

சின்னவளிடமிருந்து அழைப்பு இல்லை. திட்டினால்கூடத் தேவலை. பதில் தயாராக வைத்திருக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

சின்னவளைக் கூப்பிடப் போன அம்மாவைத் தடுத்து, "நம்பர் இனிமே எனக்குத்தான் வரும். நான்தான் மாத்தினேன். எதுக்கு எல்லாத்துக்கும் அவளைத் தொந்தரவு பண்ணணும்?" என்றேன்.

"ஓ" என்றாள்.

எண் வந்தது. ஒரே மூச்சில் ஆறையும் சொன்னேன்.

"அப்படி இல்லடி. ரெண்டு ரெண்டா."

"எதுத்தாப்லதானேம்மா உக்காந்திருக்கேன். காது கேக்குதில்ல?"

அம்மா டேப்லெட்டை என் பக்கம் தள்ளினாள். "நீயே போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். நேரம் வாங்கினேன். ஜெயித்தாயிற்று. இனி அறிக்கை எனக்குத்தான் முதலில் வரும், டாக்டரிடம் நான்தான் பேசுவேன். இதைத்தானே கேட்டேன்? பின் ஏன் டேப்லெட்டைத் தூக்கிப் போட வேண்டும்போல் இருக்கிறது?

மார்ச் 30, ஞாயிறு

தொலைபேசி இன்றும் அடிக்கவில்லை. அம்மா அதைத் துணியால் துடைத்துவைத்தாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பதினொன்று பத்துக்கு என் கைபேசிக்கு ஓர் எண். பதினொன்றரைக்கு இன்னொன்று. யாரும் நேரம் வாங்கவில்லை, அறிக்கையும் வரவில்லை. யாரோ திருடர்கள்தான் என்று பயந்து, மாதிரியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"அம்மா, உன் கணக்கை யாரோ திறக்கப் பாக்கறாங்க."

"நான்தான்."

"எதுக்கு?"

"சும்மா. கை பட்டுடுச்சு."

"ரெண்டு தடவையா? வேலை நேரத்துலம்மா!"

"சரி சரி, வெச்சிடு."

ஏப்ரல் 2, புதன்

இரண்டு தடவை கை படுமா? சந்தேகம் என் தொழில். அம்மா குளிக்கப் போன நேரம் கணக்கின் பழைய பதிவுகளைத் திறந்தேன். உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எல்லாம் வரிசையாக இருந்தது.

மூன்று வருடத்தில் முந்நூற்றுப் பதினொரு முறை உள்ளே வந்திருக்கிறாள். பரிசோதனைகள் எழுபத்திரண்டுதான். ஒவ்வொரு முறையும் இருபது, முப்பது நிமிடம் கழித்து லாக் அவுட். மார்ச் 15, நான் அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு எழுந்த கால் மணி நேரத்தில்: லாக் அவுட்.

முந்நூறு முறை கை படாது.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். டேப்லெட்டைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவளா கூப்பிடமாட்டாடி. நான் கூப்பிட்டா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்னு சொல்லுவா. அந்த அப்புறம் வரவே வராது. நம்பர்னா எடுத்துடுவா. பத்து நிமிஷம்தானே அதுக்கு ஆயுசு."

"அதனால வேணும்னே லாக் அவுட் பண்ணுவியா?"

"முப்பத்தொரு வருஷம் ஊரார் பேச லைன் போட்டுக் குடுத்தேன். எனக்கு ஒரு லைன் போட்டுக்கத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு தந்திரமும் அவளுக்காக! என் குரலைக் கேட்க இந்த அம்மா என்றைக்காவது ஒரு பொய் சொல்லியிருப்பாளா? வாய்விட்டே கேட்டுவிட்டேன். நாற்பத்தொன்பது வயதில், ஈரத் துண்டோடு நிற்கும் அம்மாவிடம், "எனக்காக ஏம்மா ஒண்ணும் பண்ணல?" என்று.

"நீதான் இங்கயே இருக்கியே" என்றாள். பிறகு துண்டை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே, "நேத்து உனக்கும் பண்ணிப் பாத்தேனே. நீ, எதுக்குன்னு கேட்டே. அவ கேக்கமாட்டா" என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

நானே சின்னவளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. மெயில் ஐடியை மாத்தினது நான்தான்."

"தெரியும் அக்கா. அன்னிக்கே வந்துச்சு."

"ஏன் கேக்கல?"

"என்னத்தைக் கேக்க? கூட இருக்கறது நீ. உன்கிட்டதானே இருக்கணும்."

தயாராக வைத்திருந்த பதில்கள் எதற்கும் வேலையில்லாமல் போயிற்று. அம்மா வேண்டுமென்றே செய்கிற லாக் அவுட்டைச் சொன்னேன்.

"முதல் வருஷமே கண்டுபிடிச்சுட்டேன். வாரத்துக்கு ரெண்டு தடவை சோடியம் பாப்பாங்களா யாராவது? மீட்டிங்ல இருந்து எழுந்து, மாடிப்படிக்குப் போய்ப் படிப்பேன். என் மேனேஜர், உங்க அம்மா பேங்க் நடத்தறாங்களான்னு கேட்டாரு ஒரு நாள்."

சிரித்தோம். பிறகு அவள் குரல் இறங்கியது.

"ஒண்ணு சொல்லட்டுமா? அம்மா நம்பரைத் திரும்பச் சொல்லும்போது பின்னால நீ பாத்திரம் கழுவற சத்தம் கேக்கும். அவ பாட்டுக்கு நடுவுல, அந்த ஜன்னலைச் சாத்துடின்னு உன்கிட்ட சொல்லுவா. பொறாமையா இருக்கும் அக்கா. எனக்கு வர்றது நம்பர். ஜன்னலைச் சாத்தச் சொல்றது உன்கிட்டதானே."

அவளுக்கா? என்மேலா? இதை இன்னொரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. நான் தொலைபேசியை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

முகவரியைத் திரும்ப மாற்றினோம். பழையது இப்போது நான், புதியது அவள். ஆளுக்கு ஓர் எண். இரண்டையும் தானேதான் தட்டுவேன் என்று அம்மா பிடிவாதம். நான் எதிரில் உட்கார்ந்து இரண்டிரண்டாகச் சொன்னேன். அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டு, "வாங்கிட்டேன்" என்றாள்.

அறிக்கை வந்த நிமிடமே எனக்கு அனுப்பிவிடுவதாகச் சின்னவள் சொல்லியிருக்கிறாள். டாக்டரிடம் பேசுவது நான். இதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

மதியம் ஆய்வகத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். "எதுக்குடி?" என்றாள். "சும்மா" என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சோடியம் நூற்று முப்பத்து நான்கு. டாக்டரிடம் பேசினேன். பாதி மாத்திரையே தொடரலாமாம்.

மாலையில் அம்மா தொலைபேசியில் அப்படிச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. "அந்த ஜன்னலைச் சாத்துடி, ஒண்ணும் கேக்கல" என்றாள் என்னைப் பார்த்து. சாத்தினேன். கொஞ்சம் சத்தமாகவே.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் கிளம்பும்போது அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. மேசையில் டேப்லெட். நேற்று மாலை பேச்சு சுவாரசியத்தில் மறந்திருக்கிறாள்போல. கணக்கு திறந்தே கிடந்தது.

லாக் அவுட்டை அழுத்தி, இருந்த இடத்திலேயே வைத்தேன். வாசல்வரை போய், திரும்பி வந்து, மூடிவிட்டதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.