அறுந்த நீலக் கயிற்றையே சோதிக்க வேண்டி

அனுப்புநர்
கட்டடப் பெயின்டரின் மனைவி,
தையல் கடைக்கு மேல் மூன்றாம் மாடி.

பெறுநர்
தலைமை ஆய்வாளர் அவர்கள்,
தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: வெளிச்சுவர் வேலையில் நேர்ந்த மரணத்துக்கு என் கணவர் போட்ட முடிச்சே காரணம் என்ற அறிக்கையை மறுபரிசீலனை செய்யக் கோருவது.

மதிப்புக்குரிய ஐயா,

கயிற்றுச் சோதனையின்போது அங்கே இருந்தவர்கள்: தங்கள் உதவி ஆய்வாளர், ஒப்பந்தக்காரர், அவருடைய மேஸ்திரி, கட்டடக் காவலாளி, என் கணவர், அவருக்குத் துணையாகப் போன நான். இறந்தவரின் மனைவி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

1. என் கணவரும் 'ஒல்லி' என்று எல்லோரும் அழைத்த அவருடைய கூட்டாளியும் ஒரே தொங்குபலகையில் நின்று சுவருக்கு வர்ணம் அடிப்பவர்கள். விழுந்தால் பிடித்துக்கொள்ள இடுப்பில் கட்டும் உயிர்க்கயிறு இருவருக்கும் உண்டு; அவற்றுக்கு என் கணவர்தான் முடிச்சுப் போடுவார். அன்று பலகை சரிந்தது. என் கணவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒல்லி விழுந்தார். அவருடைய கயிறு சட்டென்று வெட்டி இழுத்து, முடிச்சுக்குப் பக்கத்தில் அறுந்தது.

2. முன்பு இருந்தது வெள்ளை நைலான் கயிறு. அது தேய்ந்ததும், லாரிச் சுமை கட்டும் நீல நிறப் பிளாஸ்டிக் கயிற்றை ஒப்பந்தக்காரர் வாங்கிவந்தார். அது கோடை முழுக்க மொட்டைமாடி வெயிலில் கிடந்தது. "இது இழுபடவே மாட்டேங்குதே" என்று என் கணவர் கேட்டதற்கு, "இழுபடாத கயிறுதான்யா ஸ்ட்ராங்கு. நீ என்ன ஊஞ்சலா ஆடப் போற?" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம்.

3. சோதனைக்கு வந்ததோ கடையிலிருந்து அன்றே பிரித்த புதுச் சுருள். மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல ஏற்றினார்கள். கயிறு தாங்கியது. உடனே உதவி ஆய்வாளர், "முடிச்சு நீங்கதானே போட்டீங்க?" என்றார். "ஆமா சார்" என்றார் இவர். அந்த ஆமாம், அறிக்கையில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஏறியிருக்கிறது.

4. நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். வீட்டுக்கு வரும் எதையும் சரிபார்த்தே பழகியவள். கடவுளைக் கும்பிட்டுவிட்டு, சமையலறை ஜன்னல் கம்பியில் ஒரே மாதிரி முடிச்சுப் போட்டு, தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். பாவாடை எலாஸ்டிக் நீண்டு வாளியைத் தரையில் உட்காரவைத்தது. கேரி பேக் கீற்று வெளுத்து நீண்டது, பிறகு சுருங்கவே இல்லை. பழைய வெள்ளைக் கயிற்றின் புரியும் புது நீலக் கயிற்றின் புரியும் அசையாமல் தாங்கின. அதே வாளியைக் கை உயரத்திலிருந்து விட்டேன். வெள்ளைப் புரி இழுபட்டு, ஒரு துள்ளு துள்ளி, பிடித்துக்கொண்டது. நீலம் பட்டென்று போனது. பால்கனி வெயிலில் காய்ந்த, அதே வகைக் கயிற்றாலான துணிக்கொடியின் நீலப் புரியோ மெதுவாகத் தொங்கவிட்டபோதே அறுந்தது. தேய்த்தால் விரலில் தவிடாக உதிர்கிறது. அறுந்தவை எல்லாமே முடிச்சுக்குப் பக்கத்தில்தான் அறுந்தன. அறுந்த இடத்தை மட்டும் வைத்து முடிச்சைக் குற்றம் சொல்வது எப்படி?

5. இதைச் சொல்லத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். "கயித்துக்குமா போஸ்ட்மார்ட்டம் பண்ணுவாங்க? போங்கம்மா" என்றார் எழுத்தர். அறுந்த கயிறு அவருடைய மேசைக்கு அடியில் ஒரு சாக்கில் கிடக்கிறது. கோப்பை மூடியதும் குப்பைக்குப் போய்விடுமாம்.

6. ஒல்லியின் மனைவி என்னை அக்கா என்பாள், கூடப் பிறந்தவளைப்போல. பார்க்கப் போனேன். "அண்ணன் கட்டின முடிச்சுன்னா எங்க வீட்டுக்காரரு கண்ண மூடிக்கிட்டு இறங்குவாருக்கா. இனிமே இங்க வராதீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

7. என் கணவர் இப்போது எதற்கும் முடிச்சுப் போடுவதில்லை. குப்பைப் பையின் வாயைக்கூட நான்தான் கட்டுகிறேன். வாளிச் சோதனையை அவர் கண்ணெதிரிலேயே மறுபடி செய்து காட்டினேன். "உன் வாளி வேற, அவன் வேற. ஆபீஸ்ல தப்பாவா எழுதுவாங்க?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் சொல்லி அவர் நம்பப்போவதில்லை. என் பிரார்த்தனையும் தீர்ந்துபோய், வெறும் வாய்தான் அசைகிறது.

ஆகவே, சாக்கில் இருக்கும் அந்தக் கயிற்றையே, மெதுவாக ஏற்றாமல், சுமையை விழவிட்டுச் சோதிக்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். முடிச்சுதான் தவறு என்று அப்போதும் தெரியவந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். என்ன வந்தாலும் ஒல்லியின் மனைவிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

கோப்பை மூடுவதற்கு முன் பதில் தேவை. விரைவில் அனுப்பவும்.

இடம்: மேற்படி வீடு
நாள்: பதினேழாம் தேதி, திங்கட்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
பெயின்டரின் மனைவி