தரை துடைக்கும் தண்ணீர்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீ, மருமகள், நம் வாலு மூவரும் நலந்தானே? குழந்தைக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா, அதை முதலில் எழுது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. தரை லிக்விட், பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் பவுடர் எல்லாவற்றையும் தலைமுழுகிவிட்டேன். வாசலிலேயே மூக்கில் நெடி ஏறினால்தான் வீடு சுத்தம் என்று இருந்தவள் நான், உனக்குத் தெரியாதா. போன மாதம் கதவைச் சாத்திக்கொண்டு பாத்ரூம் கழுவினேன், இருமல் பிடித்துக்கொண்டு பத்து நாள் விடவில்லை. எதை ஊற்றிக் கழுவுகிறீர்கள் என்று டாக்டரம்மா ஒரே கேள்விதான் கேட்டார், எனக்கு முகம் செத்துப்போனது. பிறகு கீழ்வீட்டு லாண்டரிக்காரர் வழி சொன்னார், கண்ணாடிக்குத் தண்ணீர் கலந்த வினிகர், சிங்குக்குச் சமையல் சோடா, தரைக்கு வெந்நீரில் துளி சோப்பு. உன் அம்மாவுக்குத்தான் மூளை அதிகமாயிற்றே, இரண்டும் நல்லதென்றால் சேர்த்தால் இன்னும் நல்லதுதானே என்று வினிகரையும் சோடாவையும் ஒரே பாட்டிலில் கொட்டி மூடியை இறுக்கித் திருகி, அப்பா பேப்பர் படிக்கும் மேஜையில் வைத்தேன். டப்பென்று மூடி பறந்து கூரையில் மோதியது, அப்பா ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே, முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. சேர்த்தால் பொங்கி அடங்கி வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், வேலைக்கு ஆகாது என்று லாண்டரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிளீச்சோடு வினிகரைச் சேர்த்தால் விஷக்காற்றாம், அதை மட்டும் நீங்களும் மறக்காதீர்கள். இப்போது அப்பா துடைக்கிறார், நான் மேற்பார்வை. வினிகரில் எலுமிச்சைத் தோலை ஊறப்போட்டிருக்கிறேன், நெடி இல்லை, ஜன்னலெல்லாம் பளிச்.

எழுத வந்தது இதுவல்ல. போன தடவை வந்தபோது குழந்தை மூச்சுத் திணறியதும், "அத்தை, அந்த லிக்விட் நெடிதான் அவளுக்கு ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன்" என்று மருமகள் மெதுவாகத்தான் சொன்னாள். என் வீட்டையே குறை சொல்கிறாயா என்று குதித்தவள் நான். மூன்றாம் நாளே மூட்டை கட்டிவிட்டீர்கள், அப்புறம் நான் அவளோடு போனில்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. டாக்டரம்மா கேட்ட அந்த ஒரு கேள்விக்கும் அர்த்தம் அதுதான். அன்றிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது, போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இதை நீ படித்துச் சொல்லாதே, அவள் கையில் கொடு.

அம்மாடி, நீ சொன்னதுதான் சரி, தப்பு என்னுடையது. லீவுக்குக் குழந்தையோடு வா. முதலில் நீ மட்டும் உள்ளே வந்து மோந்து பார், பிடிக்கவில்லையென்றால் இதையும் கொட்டிவிடுகிறேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். டிக்கெட் போட்டதும் தேதியை எழுதுங்கள்.

இப்படிக்கு,
அம்மா